நான்காம் நாள் டப்பா

போன மாதம் எங்கள் பழைய ஆய்வகத்திலிருந்து கவின் என்கிற இளம் பொறியாளர் போன் செய்தார். எடுத்த எடுப்பிலேயே குரலில் கடுப்பு.

"ஐயா, ஒரு சந்தேகமுங்க. டெஸ்டுக்குத் தார் சாம்பிள் எடுக்கறப்ப டப்பாவையும் டேங்க் வால்வையும் சேர்த்து போட்டோ எடுக்கோணுமாம். அதுல தேதி, நேரம் எல்லாம் தெரியோணுமாம். பத்தாததுக்கு பிளான்ட் ஆபரேட்டர்கிட்ட டப்பா மேல கையெழுத்தும் வாங்கோணுமாம். வேற எந்த லேப்புலயும் இந்தக் கூத்து இல்லீங்க. எந்தப் புண்ணியவான் இதைக் கண்டுபுடிச்சானுங்க?"

"அந்தப் புண்ணியவான் நாந்தான் கண்ணு" என்றேன்.

மறுமுனையில் கடுப்பு இறங்கியது. "ஸாரிங்க ஐயா. நீங்க அவ்வளவு கண்டிப்பான ஆளுங்களா?" என்று கேட்டார்.

"கண்டிப்பான ஆளு வேற ஒருத்தருங்க. நான் அந்தக் கண்டிப்புக்குக் காரணமான ஆளு."

"அப்ப அதை எழுதித் தாங்க ஐயா. லேப்புல ஒட்டி வெக்கறோம்" என்றார். சிரிக்கிறாரா என்று போனில் தெரியவில்லை. ஓய்வு பெற்றவனிடம் எழுதித் தரச் சொன்னால் அரைப் பக்கத்தோடு நிற்க மாட்டான் என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. இனி அவர் பாடு.

நான் டிப்ளமோ முடித்து நெடுஞ்சாலைத் துறையின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் உதவியாளராகச் சேர்ந்தவன். முதல் சில வருடங்கள் ஜல்லி சலித்தேன். அடுத்த சில வருடங்கள் மற்றவர்கள் சலித்த ஜல்லியை எடை போட்டேன். அந்தக் காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொன்னால் என் மனைவியே எழுந்து போய்விடுவாள்.

பிறகு பாலிமர் தார் வந்தது. சாதாரணத் தாரோடு ரப்பர் குணமுள்ள பாலிமரைச் சேர்த்துக் காய்ச்சியது. திருப்பூர்ச் சாலைகளுக்கு அது தேவைதான். உலகம் உள்ளே போட்டுக்கொள்வதையெல்லாம் ஏற்றிக்கொண்டு கண்டெய்னர் லாரிகள் போவது எங்கள் சாலைகளில்தான். அவற்றுக்கு முன்னாலும் பின்னாலும் சாயப்பட்டறைக்குத் தண்ணீர் லாரி, கம்பெனி பஸ், துணி மூட்டை கட்டிய ஆட்டோ. சாதாரணத் தார் இரண்டு கோடையிலேயே கையெடுத்துக் கும்பிட்டுவிடும். பாலிமர் தார் லாரி ஏறினால் அமுங்கும், இறங்கினால் பழையபடி எழும்பும்.

அதற்கு வயதாகும் விதம்தான் கோளாறானது. சாதாரணத் தார் நேர்மையாகக் கிழடாகும். சூடும் காற்றும் பட்டால் இறுகிப் போகும், சோதனை ஊசி இறங்காது, எவரும் கண்டுபிடித்துவிடலாம். பாலிமர் தாரில் தார் ஒரு பக்கம் இறுகும். அதே நேரத்தில் பாலிமரின் இழைகள் அறுந்து அந்தப் பக்கம் தளரும். எந்தச் சூட்டில் இளகுகிறது என்று பார்க்கும் சோதனையில் இறுகியதும் தளர்ந்ததும் ஒன்றையொன்று ஈடுகட்டி, நேற்றுக் காய்ச்சியது போலவே காட்டும். இப்போது நானும் அப்படித்தான் இருக்கிறேன். முட்டி இறுகிவிட்டது, ஞாபகம் தளர்ந்துவிட்டது. கல்யாண வீடுகளில் பார்க்கிறவர்கள் "அப்புடியே இருக்கறீங்களே" என்கிறார்கள்.

இந்தத் தாரின் கள்ளத்தைக் கண்டுபிடிக்க ஒரே நல்ல வழி இழுத்துப் பார்ப்பதுதான். பித்தளை அச்சில் தாரை ஊற்றி, குளிர்ந்த நீர்த்தொட்டிக்குள் வைத்து, பத்து சென்டிமீட்டர் நீளத்துக்கு இழுத்து, நடுவில் கத்தரித்துவிட வேண்டும். ஒரு மணி நேரம் அப்படியே விட வேண்டும். பாலிமர் உயிரோடு இருந்தால் இரண்டு துண்டும் சுருங்கித் தன் இடத்துக்குப் பின்வாங்கும். செத்திருந்தால் இழுத்த இடத்திலேயே கிடக்கும்.

இந்தச் சோதனையை எங்கள் ஆய்வகத்தில் திலகவதி மேடம் மட்டும்தான் செய்வார். அவர்தான் எங்கள் அதிகாரி. என்னைவிட ஆறேழு வயது இளையவர், கொமரலிங்கத்தில் நெல் விவசாயக் குடும்பம். பனியன் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டுகிற சின்னக் கத்தரி ஒன்றைத் தன் மேஜை இழுப்பறையில் பூட்டி வைத்திருந்தார். அதை வேறு ஒருவர் தொடக் கூடாது. வெட்டிய பிறகு பனியன் வேஸ்ட் என்கிற கழிவுத் துணியில் ஒரு துண்டு எடுத்துக் கத்தரியைத் துடைத்து, மடித்து வைத்துவிட்டு, நாற்காலியைத் தொட்டிப் பக்கம் இழுத்துப் போட்டு அவித்த நிலக்கடலையைப் பிரித்துக்கொண்டு உட்காருவார். அந்த ஒரு மணி நேரம் யாரும் பேசக் கூடாது. யாராவது பேசினால் தார் வெட்கப்படும் என்பார்.

மேடம் யாரையும் திட்டியதில்லை. கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். சாதாரணமாக என்னிடம் "நாச்சிமுத்து, அந்த ரிப்போர்ட் எங்கீங்க?" என்பவர், "ஏனுங்க நாச்சிமுத்து, தங்களுக்கு நேரமிருந்தா அந்த ரிப்போர்ட்டைக் கொஞ்சம் பாக்கலாமுங்களா?" என்று கேட்டால் நாங்கள் எல்லாரும் எழுந்து அந்த ரிப்போர்ட்டைத் தேட ஆரம்பிப்போம்.

விஷயத்துக்கு வருகிறேன். வேலம்பாளையம் பக்கம் நான்கு கிலோமீட்டர் சாலைக்குப் பாலிமர் தார் போட முடிவானது. ஒரு நாளைக்கு ஒரு கிலோமீட்டர், திங்கள் முதல் வியாழன் வரை நான்கு நாள் வேலை. தாரையும் ஜல்லியையும் கலக்கும் கான்ட்ராக்டரின் பிளான்ட் காங்கேயம் சாலையில் இருந்தது. ஒவ்வொரு நாள் காலையிலும் நான் அங்கே போய், டேங்கிலிருந்து அன்றைய தாரை ஒரு டப்பாவில் பிடித்து, மூடி, சீட்டு ஒட்டி ஆய்வகத்துக்குக் கொண்டுவர வேண்டும். விதி அவ்வளவுதான். பள்ளிப் பிள்ளைக்குக்கூடப் புரியும்.

செவ்வாய்க்கிழமை என் மச்சினன் காங்கேயம் காளை ஒன்று வாங்கப் போவதாக இருந்தான். பல் பார்த்து வயது சொல்வதில் நான் கெட்டிக்காரன் என்று எங்கள் குடும்பத்தில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவனும் நான்தான். செவ்வாய் காளை பார்க்க வேண்டும், புதன் பேரம் பேச வேண்டும், வியாழன் வண்டியில் ஏற்ற வேண்டும். ஆகவே திங்கட்கிழமையே நான்கு டப்பாக்களோடு பிளான்ட்டுக்குப் போனேன்.

இது நான் மட்டும் கண்டுபிடித்த தந்திரமில்லை. அந்தக் காலத்தில் மாதிரி எடுப்பவர்களில் பாதிப் பேர் செய்வதுதான். ஒரே டேங்க், ஒரே தார், நாலு நாளும் வந்து நின்றால் மட்டும் வேறு தாரா வரப்போகிறது என்பது எங்கள் நியாயம்.

பிளான்ட் ஆபரேட்டர் பெயர் ஞானதுரை. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். வேலம்பாளையத்தில் வாடகை வீடு, மனைவிக்கு ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, ஒரே மகள் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். அவர்தான் வால்வைத் திறந்து நான்கு டப்பாக்களையும் நிரப்பித் தந்தார்.

"நாலும் இன்னைக்கேவா அண்ணாச்சி?" என்று கேட்டார்.

"ஆமாங்க. எப்ப எடுத்தாலும் தாரு தார்தானுங்களே."

அவர் கையைப் பனியன் வேஸ்ட்டில் துடைத்துக்கொண்டார். நான் முதல் நாள், இரண்டாம் நாள், மூன்றாம் நாள், நான்காம் நாள் என்று சீட்டு எழுதி, கையெழுத்துப் போட்டு ஒட்டினேன். முதல் டப்பாவுக்கு மட்டும் தேதி போட்டேன். மற்றவற்றில் தேதி இடத்தைக் காலியாக விட்டேன், அன்றன்றைக்கு எழுதிக்கொள்ளலாம் என்று.

திங்கட்கிழமை ஒரு கிலோமீட்டர் போட்டார்கள். அன்று சாயந்திரமே வேலை நின்றது. அந்தச் சாலையோரத்துக் கம்பெனிகளில் ஷிப்மெண்ட் வாரம். கண்டெய்னர்கள் போயே ஆக வேண்டும், சாலையை அடைக்கக் கூடாது என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். திருப்பூரில் ஷிப்மெண்ட் என்று சொன்னால் கல்யாண முகூர்த்தமே தள்ளிப் போகும், தார் எம்மாத்திரம்? எட்டு நாள் கழித்துத்தான் மிச்ச வேலை தொடங்கியது. அந்த எட்டு நாளும் டேங்க்கை ஆற விடாமல் காய்ச்சிக்கொண்டே இருக்கும்படி கான்ட்ராக்டர் உத்தரவு. ஆறவிட்டால் மறுபடி சூடேற்ற நேரம் பிடிக்கும், எப்போது வேண்டுமானாலும் சாலை கிடைக்கலாம் என்பது அவர் கணக்கு.

வேலை மறுபடி தொடங்கியபோது நான் பிளான்ட்டுக்குப் போகவில்லை. டப்பாக்கள்தான் தயாராக இருக்கின்றனவே. மேஜையில் உட்கார்ந்தபடி இரண்டாம் நாள், மூன்றாம் நாள், நான்காம் நாள் சீட்டுகளில் புதுத் தேதிகளை எழுதினேன். எழுதும்போது கை கூசவில்லை. அதை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான்.

காளை வாங்கியாகிவிட்டது. நான் பல்லைப் பார்த்து நாலு வயது என்றேன்.

ஒன்றரை வருடத்தில் சாலை வெடித்தது. முதல் கிலோமீட்டர் கன்னம் போல இருந்தது. இரண்டாவதில் மெல்லிய கோடுகள். மூன்றாவதில் விரல் நுழையும் பிளவுகள். நான்காவதில் ஆட்டோக்காரர்கள் எங்கள் இலாகாவைப் பற்றிச் சொன்னதை இங்கே எழுத முடியாது. விசாரணை வந்தது. கான்ட்ராக்டர் ஒரே வார்த்தையில் முடிக்கப் பார்த்தார். ஆபரேட்டர் கலக்கும்போது அளவுக்கு மேல் சூடேற்றித் தாரைக் கருக்கிவிட்டான், அவனை அனுப்பிவிடுகிறோம் என்றார். அந்தத் தொழிலில் வட்டம் சின்னது. தாரைக் கருக்கினவன் என்று ஒரு பிளான்ட்டில் பெயர் வாங்கினால் வேறு எந்த பிளான்ட்டிலும் உள்ளே விட மாட்டார்கள். ஞானதுரைக்கு அந்த ஒரு தொழில்தான் தெரியும்.

மேடம் நான்கு கிலோமீட்டரிலும் சாலையைத் துளைத்துத் துண்டு எடுத்தார். அதிலிருந்து கரைப்பான் ஊற்றித் தாரைத் தனியே பிரித்தோம். இளகும் வெப்பநிலை நான்கிலும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் வந்தது. கான்ட்ராக்டரின் இஞ்சினியர் முகம் மலர்ந்து, "பாத்தீங்களா மேடம், தாரு பக்காவா இருக்குதுங்க" என்றார்.

மேடம் கத்தரியை எடுத்தார். முதல் கிலோமீட்டர் தார் ஒழுங்காகப் பின்வாங்கியது. இரண்டாவது பாதி வழியில் நின்றது. மூன்றாவது அதற்கும் குறைவு. நான்காவது வெட்டிய இடத்திலேயே சோம்பேறியாகக் கிடந்தது. இஞ்சினியருக்குப் புரியவில்லை.

"உங்க ஜட்டி பழசாயிட்டா என்னங்க ஆகும்?" என்று மேடம் அவரிடம் கேட்டார். அந்த மனிதர் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் தவித்தார். "துணி மொடமொடன்னு ஆயிரும், எலாஸ்டிக் தொளதொளன்னு ஆயிரும். மடிச்சு வெச்சா புதுசு மாதிரியே இருக்கும். போட்டாத்தானுங்க தெரியும்."

அடுத்து என் டப்பாக்கள். ஆய்வகத்தில் பத்திரமாக வைத்திருந்த நான்கையும் திறந்து, மெல்லிய படலமாக ஊற்றி அடுப்பில் சூடேற்றினோம். கலக்கும்போது தாருக்கு ஏறுகிற வயதை அந்த அடுப்பு ஏற்றிவிடும். பிறகு இழுத்து வெட்டினோம். நான்கும் ஒரே அளவு பின்வாங்கின. நான்கும் நன்றாக இருந்தன. இஞ்சினியர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"அப்ப டேங்க்ல நாலு நாளும் நல்ல தாருங்க மேடம். உங்க டப்பாவே சொல்லுதே. கெட்டது கலக்கறப்ப. ஆபரேட்டர்தானுங்க."

ஞானதுரையையும் அன்று வரச் சொல்லியிருந்தார்கள். கதவோரம் நின்றிருந்தார். அவர் என்னைப் பார்த்தார். நான் நீர்த்தொட்டியைப் பார்த்தேன். டப்பாக்களைப் பற்றி அவர் பேச்சே எடுக்கவில்லை. "நான் ஒண்ணும் கருக்கலை சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அந்த நிமிடம் நான் எவ்வளவு கீழே இறங்கியிருந்தேன் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. வேலை போய்விடுமோ என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

எல்லாரும் போன பிறகு மேடம் நான்கு டப்பாக்களையும் வரிசையாக வைத்தார். ஒரு கடலையை உரித்தார், தின்னாமல் மேஜையில் வைத்தார்.

"ஏனுங்க நாச்சிமுத்து, ஒரே தாரா இருந்தாலும் நாலு நாளைக்கு நாலு டப்பா எடுத்தா அண்ணந்தம்பி மாதிரி இருக்கோணுமுங்க. மூக்கு ஒண்ணு, முழி வேறயா இருக்கோணும். இது நாலும் ஒரே ஆளு நாலு சட்டை போட்டுக்கிட்டு வந்தாப்புல இருக்குதுங்களே. தங்களுக்கு அப்புடித் தோணலீங்களா?"

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நாலு மணிக்கு ரிப்போர்ட் அனுப்போணுமுங்க. அதுக்குள்ள தாங்கள் ஏதாச்சும் சேக்கோணும்னா தாராளமா சேத்துக்கலாமுங்க."

மதியம் சாப்பாட்டுப் பையைத் திறக்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு அந்தச் சாலைக்கே போனேன். முதல் கிலோமீட்டரில் வண்டி சத்தமில்லாமல் போனது. நான்காவதில் முன்பக்கம் மாட்டியிருந்த தூக்குப் போசி குதித்துக் குதித்து ரசம் முழுவதையும் என் பேன்ட்டில் கொட்டியது. நனைந்த பேன்ட்டோடு ஆய்வகத்துக்குத் திரும்பி, மூன்று மணிக்கு ஒரு வெள்ளைத்தாளில் எழுதினேன். நான்கு டப்பாக்களும் திங்கட்கிழமை ஒரே நேரத்தில் எடுத்தவை, மூன்றின் தேதிகள் நான் பின்னால் எழுதியவை, மற்ற நாட்களில் நான் பிளான்ட்டுக்குப் போகவில்லை என்று. கீழே முழுப் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மேடம் இரண்டு முறை படித்தார். அவர் முகத்தில் கோபம் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை.

"சரி நாச்சிமுத்து" என்றார். அந்த வார்த்தையில் மரியாதை சாதாரண அளவுக்கு இறங்கியிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. "உங்க தப்புலயும் ஒரு சௌகரியம் இருக்குது. முதல் நாள் தாரு நம்மகிட்ட நாலு பங்கு இருக்குதுல்ல?"

நாலு மணி ரிப்போர்ட்டை நிறுத்திவைத்துவிட்டு அவர் செய்ததை நான் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். இரண்டாவது, மூன்றாவது, நான்காவது டப்பாக்களில் மிச்சமிருந்த தாரை, டேங்க்கில் இருந்த அதே சூட்டில் அடுப்பில் வைத்தார். ஒன்று எட்டு நாள், ஒன்று ஒன்பது, ஒன்று பத்து. தினமும் காலையும் மாலையும் சூட்டை அவரே பார்த்துக் குறித்தார். எடுத்து இழுத்து வெட்டியபோது, இரண்டாவது பாதி வழியில் நின்றது. மூன்றாவது அதற்கும் குறைவு. நான்காவது அப்படியே கிடந்தது. சாலையிலிருந்து எடுத்த தார் எப்படிக் கிடந்ததோ அப்படியே. தாரைக் கிழடாக்கியது எட்டு நாள் ஓயாமல் எரிந்த டேங்க் என்றும், ஆபரேட்டர் இல்லை என்றும் அறிக்கை போனது. கான்ட்ராக்டர் மூன்று கிலோமீட்டரையும் தன் பொறுப்பில் மறுபடி போட வேண்டியதாயிற்று. ஞானதுரையின் வேலை தப்பியது. எனக்கு ஒரு வருட ஊதிய உயர்வை நிறுத்தினார்கள். நான் மேல்முறையீடு செய்யவில்லை.

இதற்கிடையில் காளையை மாட்டு டாக்டர் பார்த்துவிட்டு, எட்டு வயதுக்குக் குறையாது என்று சொல்லியிருந்தார். "தாருக்கும் வயசு தெரியலை, மாட்டுக்கும் வயசு தெரியலை. கவர்மெண்டு உங்களுக்கு எதுக்குங்க மச்சான் சம்பளம் குடுக்குது?" என்று என் மச்சினன் இன்றைக்கும் விருந்துச் சாப்பாட்டில் எல்லார் முன்னாலும் கேட்பான்.

சாலையை மறுபடி போடத் தொடங்கிய அன்று காலையில் ஒரே ஒரு டப்பாவோடு பிளான்ட்டுக்குப் போனேன். ஞானதுரை வால்வடியில் நின்றிருந்தார். எனக்கு முகம் கொடுத்துப் பேச முடியவில்லை. ஆனாலும் கேட்டேன்.

"நாலு டப்பாவையும் ரொப்புனது நீங்கதானுங்க. அன்னைக்கு லேப்புல ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அங்கயே முடிஞ்சிருக்குமே. ஏனுங்க சொல்லலை?"

அவர் யோசிக்கக்கூட இல்லை.

"நான் சொன்னா யாரு கேப்பா அண்ணாச்சி? மாட்டிக்கிட்டவன் அடுத்தவன் மேல பழி போடுதான்னு சொல்லுவாவ. டப்பாவுல ஒங்க கையெழுத்துதான இருக்கு, என் கையெழுத்தா இருக்கு? நீங்களாச் சொன்னாத்தான் உண்டு. சொல்லுவியன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். சொல்லாமப் போயிருவியளோன்னு பயமாவும் இருந்துச்சு."

கவின், போட்டோ எடுக்கும் விதி மேடம் போட்டது. அது என்னைப் போன்றவர்களுக்காக. ஆபரேட்டர் கையெழுத்து நான் மேடத்திடம் கேட்டு வாங்கியது. அது ஞானதுரையைப் போன்றவர்களுக்காக. அவர்கள் கையெழுத்தும் டப்பாவில் இருந்தால், நாளைக்கு அவர்கள் பேசும்போது யாராவது கேட்டுத்தான் ஆக வேண்டும். ஒரு நிமிட வேலை. சலித்துக்கொள்ளாமல் வாங்குங்கள்.

முதன்முதலில் அப்படி டப்பாவில் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். நான் பேனாவை நீட்டியதும் பனியன் வேஸ்ட்டில் இரண்டு கைகளையும் அழுத்தித் துடைத்தார். இனிஷியலோடு முழுப் பெயரையும் நிதானமாக எழுதினார். எழுதி முடித்துப் பேனாவைத் திருப்பித் தராமல், முகத்தில் சிரிப்பே இல்லாமல் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"நாளைக்கு டப்பாவுக்கும் இப்பமே போட்டுத் தந்துரட்டுமா அண்ணாச்சி?"